ஆணையும் அடைக்கலமும்: சந்தா சாகிபு வரலாறு

புதுச்சேரி பாரதி பூங்காவின் மர நிழலில் அமர்ந்து இளைப்பாறுவோர் பலர். தாம் அமர்ந்திருக்கும் இடம் ஒரு காலத்தில் கோட்டை நின்ற இடம் என்பதை அறிந்தோர் அவருள் சிலரே. 1706-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஐங்கோண வடிவினதாகிய லூயி கோட்டை இப்பகுதியில்தான் ஓங்கி நின்றது. 1761-இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆயி மண்டபமும் பூஞ்செடிகளும் அதன்பின் வந்தவை. எனவே போர்க்களம் காண விரும்பும் புதுச்சேரி மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாலை வேளையில் அப்பூங்காவைச் சுற்றி வந்தாலே போதும்.

எம் துறை மாணவர்களுடன் அப்பூங்காவையடுத்த அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்றிருந்தோம். அரிக்கமேட்டு மணிகள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பிரெஞ்சுக்காரர் ஏறிச் சென்ற பல்லக்கு, துய்ப்ளே துயின்றதாகச் சொல்லப்படும் கட்டில் ஆகியவற்றைக் கண்டு மாணவர் வியந்தனர். அக்கட்டிலின் முன் நின்ற மாணவி ஒருவர், துய்ப்ளேயுக்கு இங்கே கட்டிலும் கடற்கரையில் சிலையும் இருக்க, அவரோடு சேர்ந்து போரிட்ட நவாபு சந்தா சாகிபுக்கு இந்நகரில் என்ன இருக்கிறது என்று வினவினார். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடையில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இதனை எழுதப் புகுந்தபோது சமுதாயப் பெரியவர் ஒருவர், மலரில் எழுத வேறு ஆளா இல்லை, திப்பு சுல்தானைப் பற்றி எழுதலாகாதா என்று அன்போடு கடிந்துகொண்டார். சமுதாயம் தலைநிமிர்ந்து படிக்கத்தக்க வாழ்க்கையை எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. அதில் நியாயம் உண்டு. ஆயினும் தலைநிமிரச் செய்யும் வரலாறுகளை மட்டுமே நாம் எழுதிக்கொண்டிருப்பின், ஏனையவற்றை நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவர். தம் விருப்பம்போல் எழுதுவர். சந்தா சாகிபு விஷயத்தில் நிகழ்ந்ததும் அதுவே.

அவருடைய இயற்பெயர் ஹுசைன் தோஸ்த் கான். ஆர்க்காட்டை ஆண்ட நவாயத் குடும்பத்தவர். அக்குடும்பத்தில் முதலில் நிலைபெற்றவர் சாதத்துல்லா கான். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு அவர் அறிமுகமானவரே. 1714-இல் செஞ்சியில் தேசிங்கு வீழ்ந்தது அவர் படையால்தான். அவருக்குப்பின் 1732-இல் நவாபானவர் தோஸ்த் அலி. தோஸ்த் அலியின் மகளை மணந்து, அரசின் வரவு செலவைக் கையில் எடுத்துக்கொண்டு, படையையும் நடத்தக் கற்றவர் சந்தா சாகிபு. அவருடைய வீரத்தையும் விரைவையும் பகைவரும் மறுத்திலர்.

மதுரை நாயக்கர் மரபின் கடைசி மன்னர் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையின்றி மறைந்தபின், அவர் தேவி மீனாட்சி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டுவந்தார். அவருக்கு எதிராகப் பங்காரு திருமலை உரிமை கோரினார். இவ்வழக்கைத் தீர்க்கவென்று ஆர்க்காட்டிலிருந்து நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் படையோடு வந்தனர். சப்தர் அலி பங்காரு பக்கம் சாய்ந்து, பொறுப்பை மைத்துனரிடம் விட்டுச் சென்றார். அரசியோ சந்தா சாகிபின் துணையை நாடினார். அதற்கு விலையாக ஒரு கோடி ரூபாய் வரை பேசப்பட்டதாகக் கூறுவர். அத்துடன் அரசி கேட்டது ஒரே ஒரு பிணை: தமக்குத் தீங்கு செய்வதில்லை என்று திருக்குர்ஆன்மீது சந்தா சாகிபு ஆணையிட வேண்டும். அவரும் ஆணையிட்டார்.

1736-இல் அவர் மீண்டும் திருச்சிக்கு வந்தார். கோட்டை அவர் கைக்குள் சென்றது. அரசி தம் அரண்மனையிலேயே சிறைப்பட்டு, நஞ்சுண்டு மாண்டார். இரு நூற்றாண்டு நிலைத்த நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது.

அந்த ஆணை பற்றி ஒரு கதை வழங்குகிறது. பட்டுறைக்குள் இருந்தது திருமறையன்று, வெறுஞ்செங்கல் என்பதே அது. மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயத் தளபதியும் அதைக் குறித்துள்ளார். இக்கதையை நம் முதியோர் சிலர் சற்று ஆறுதலோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். திருமறைமேல் அவர் பொய்யாணை இட்டிலர் அல்லவா என்பது அந்த ஆறுதல். எனக்கோ அந்தச் செங்கல்லே பெரிதும் அச்சம் தருகிறது. கதை உண்மையாயின், திருமறையைத் தொட்டுப் பொய் சொல்ல அஞ்சிய ஒருவர், அத்திருமறையை நம்பி வந்த பெண்ணை ஏமாற்ற அஞ்சவில்லை என்றாகும். ஆணை கேட்பவர் எப்பொருளில் கேட்கிறாரோ அப்பொருளிலேயே அது கொள்ளப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. உறைக்குள் இருந்தது நூலாயினும் கல்லாயினும், மீனாட்சி கேட்டது திருக்குர்ஆன்மீது ஆணை. மாற்றுச் சமயத்தவரான அப்பெண் நம் மறையின்மேல் வைத்த நம்பிக்கை, அதை ஓதி வளர்ந்தவர் வைத்த நம்பிக்கையினும் பெரிதாக இருந்தது. இதை நம் மலரில் நாமே எழுதுவது முறை என்று கருதியே பெரியவரின் சொல்லை மீறினேன்.

திருச்சியை ஆண்ட சந்தா சாகிபு மதுரை, திண்டுக்கல் பகுதிகளைத் தம் உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்தார். பிரெஞ்சுக்காரரோடு அவர் கொண்ட நட்பும் அக்காலத்ததே. தஞ்சை மராட்டிய மன்னர் காரைக்காலைத் தருவதாகச் சொல்லிப் பின்வாங்கியபோது, 1739-இல் அதைப் படைகொண்டு பிடித்துப் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தவர் அவரே.

அடுத்த ஆண்டே காற்று திசைமாறியது. இரகூஜி போன்ஸ்லேயின் தலைமையில் மராட்டியர் பெரும்படையுடன் ஆர்க்காட்டு நாட்டில் புகுந்தனர். 1740 மே மாதம் தாமலசெருவுக் கணவாயில் நவாபு தோஸ்த் அலி வெட்டுண்டு மாண்டார். அவர் மனைவியும் குடும்பத்தாரும், சந்தா சாகிபின் மனைவியும் மகனும் புதுச்சேரிக் கோட்டை வாயிலில் வந்து அடைக்கலம் கேட்டனர்.

இந்நகரின் வரலாற்றில் மறக்கலாகாத நிகழ்ச்சி இது. அப்போது ஆளுநராயிருந்தவர் துய்மா. கடற்கரைக்கு அணித்தே இன்றும் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது; அதில் நாளும் நடப்போர் அவர் யார் என்று எண்ணிப்பார்ப்பதில்லை. அகதிகளை ஏற்றால் மராட்டியர் பகை வரும். மறுத்தால் வெளியே அவர்கள் அழிவர். துய்மா கதவைத் திறந்தார். வணிகக் கணக்கு அவர் உள்ளத்தில் இல்லாமற் போகவில்லை. சந்தா சாகிபின் தயவு பின்னாளில் பயன்படும் என்று அவர் எண்ணியிருக்கவே வேண்டும். ஆனால் கப்பம் கட்டுமாறும் சந்தா சாகிபின் மனைவியையும் மகனையும் செல்வத்தோடு ஒப்படைக்குமாறும் இரகூஜி அச்சுறுத்தியபோது, அந்தக் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கலாம். துய்மா இசையவில்லை. தூதனை நகருக்குள் அழைத்துப் பீரங்கிகளையும் படையையும் சுற்றிக்காட்டி, உயர்ந்த மதுக்குப்பிகள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினார். அம்மது இரகூஜியின் இல்லத்துப் பெண்ணுக்கு மிகப் பிடித்துப்போகவே, மேலும் சில குப்பிகள் பெறும்பொருட்டு மராட்டியர் சினம் தணிந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. மது ஒரு நன்மைக்குத் துணைசெய்ததாக நம் கல்லூரி மலரில் எழுத நேர்ந்தமைக்கு வாசகர் பொறுப்பாராக!

கொடுத்த அடைக்கலம் காக்கப்பட்டது. அந்த அமானிதத்தைக் காத்தவர் பிற நாட்டவர், பிற சமயத்தவர். காக்கப்பட்ட குடும்பமோ, நான்காண்டுக்கு முன் தன்னை நம்பிய ஓர் அரசியைக் காவாது விட்டவருடையது.

திருச்சியில் சந்தா சாகிபு தனித்துப் போரிட்டார். உதவிக்கு விரைந்த உடன்பிறந்தார் இருவரும் களத்தில் மடிந்தனர். உணவுப்பொருள் தீர்ந்த நிலையில் 1741 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. அவரைச் சிறைப்படுத்தி மராட்டிய நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஏழாண்டுகள் கழிந்தன. அந்த ஏழாண்டும் அவர் மனைவியும் மகன் ராசா சாகிபும் புதுச்சேரியில் வாழ்ந்தனர். துய்மாவுக்குப்பின் 1742-இல் ஆளுநரான துய்ப்ளே அக்குடும்பத்தோடு நெருங்கிப் பழகி, சந்தா சாகிபை மீட்கும் பேச்சையும் தொடர்ந்தார்.

அந்நாள்களின் நடப்பை நாம் இன்று அறிவது பெரிதும் ஒரு தமிழரால். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பரில். திருச்சி அரசி சிறைப்பட்ட அதே ஆண்டு. பேச்சுத் தமிழும் பாரசீகச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் விரவிய அவ்வுரைநடையில் நவாபு வீட்டாரின் வரவும் போக்கும், கொடுக்கல் வாங்கலும், வதந்திகளும் இடம்பெறுகின்றன. தமிழ் உரைநடை வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் அந்நாட்குறிப்பை ஒரு பத்து நாளாவது தொடர்ந்து படித்துப்பார்க்க வேண்டும். பட்டயங்களிலும் பரணிகளிலும் காணக்கிடைக்காத மனிதர்கள் அதில் நடமாடுகின்றனர்.

1748-இல் சந்தா சாகிபு விடுதலை பெற்றார். ஏழு இலட்சம் ரூபாய் மீட்புப் பணத்துக்குத் துய்ப்ளே பிணை நின்றதாகப் பழைய நூல்கள் கூறும். பின்னாளைய ஆய்வாளர் சிலர் அதை ஐயுறுவர். அவ்வாண்டே ஐதராபாத் நிஜாம் மறைந்தார். அவர் மகன் நாசர் ஜங்குக்கும் மகள்வழிப் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுப் போட்டி மூண்டது. ஆர்க்காட்டிலோ நவாயத்துகளின் இடத்தில் அன்வருத்தீன் அமர்ந்திருந்தார். நிஜாம் பதவியை நாடிய முசாபர் ஜங்கும், ஆர்க்காட்டை நாடிய சந்தா சாகிபும், வணிகத்தோடு அரசும் நாடிய துய்ப்ளேயும் ஓரணியாயினர். 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் போர் நிகழ்ந்தது. முதியவரான அன்வருத்தீன் யானைமீதிருந்தவாறே போரிட்டு மாண்டார். அவர் இளைய மகன் முகம்மது அலி தப்பித் திருச்சிக் கோட்டையுள் புகுந்தார். தந்தையை இழந்த அம்மகனின் பகை எளிதில் தீரக்கூடியதன்று.

வெற்றியாளராகப் புதுச்சேரிக்குள் நுழைந்த சந்தா சாகிபு, தம் குடும்பத்தைக் காத்த நகருக்கு வில்லியனூர், பாகூர் பகுதிகளை அளித்தார். காரைக்கால் முன்னரே அவர் பிடித்துக் கொடுத்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் இன்றைய நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். வில்லியனூரும் பாகூரும் காரைக்காலும் அதில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணர். இந்நகரில் அவருக்கு என்ன இருக்கிறது என்று வினவிய மாணவிக்கு இதையே விடையாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டிலும் சிலையும் இல்லாவிடினும், அவர் கொடுத்த மண் இருக்கிறது.

ஆம்பூர் வெற்றியின் சூட்டோடு திருச்சி மேற்சென்றிருந்தால் முகம்மது அலியின் கதை அன்றே முடிந்திருக்கும். துய்ப்ளேயும் அவ்வாறே வற்புறுத்தினார். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. பணத்துக்காகத் தஞ்சையை முற்றுகையிட்டனர். மன்னர் பிரதாப சிங் பேச்சுவார்த்தை என்றும் தவணை என்றும் நாள் கடத்தினார். அதற்குள் நாசர் ஜங் பெரும்படையோடு தெற்கே வந்துவிட்டார். சந்தா சாகிபின் வாழ்வில் திருத்த முடியாத பிழை இதுவே என்பது என் கருத்து.

அடுத்த காட்சி செஞ்சியில். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள செஞ்சிக்கு எம் மாணவர்களை அழைத்துச் சென்றபோது, இராசகிரி உச்சியை ஏறிக் கண்டபின், இதை யாரும் பிடித்திருக்க முடியாது என்றே அனைவரும் முடிவுகட்டினர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடுகிறது மதில். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் இதைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை காத்துக்கிடந்தார். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். வாயிற்கதவை வெடிவைத்துப் பிளந்து, இருளிலேயே மூன்று குன்றுகளிலும் ஏறினர் பிரெஞ்சுப் படையினர். கோட்டைக்குள் சாதத்துல்லா கான் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அதன் படியில் அமர்ந்து இச்செய்தியைச் சொன்னபோது மாணவர் நம்ப மறுத்தனர். 2025-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராட்டியப் படைத்தளங்களுள் தமிழகத்துக்குரியது செஞ்சி ஒன்றே. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே.

அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அணித்தே பாளையமிறங்கியிருந்த நாசர் ஜங் தம் பக்கத்து நவாபு ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி புதுச்சேரியை எட்டியபோது சந்தா சாகிபு, பல்லக்கும் பரிவாரமும் இன்றித் தெருவில் ஓடித் துய்ப்ளேயைத் தழுவிக்கொண்டதாக ஓர்ம் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கப்பல் உடைந்து கரையேறிய இருவரைப் போன்று அவர்கள் இருந்தனராம். பல்லாண்டு அரசியலில் பழகிய ஒருவர் தெருவில் ஓடினார் என்னும் அச்சிறு செய்தியில் அவர் உருவம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில வாரங்களில் முசாபர் ஜங்கும் போரில் மாண்டார்.

1751-இல் ஆர்க்காட்டு நவாபாகச் சந்தா சாகிபு திருச்சியை முற்றுகையிட்டார். முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்டு காவலற்ற ஆர்க்காட்டைப் பிடித்தார். அதை மீட்கச் சென்ற ராசா சாகிபு ஐம்பது நாள் முயன்றும் இயலாது திரும்பினார். திருச்சியை விட்டுக்கொடுப்பதாக வாக்களித்து மைசூர்ப் படையை வரவழைத்தார் முகம்மது அலி. முராரி ராவும் தஞ்சையாரும் தொண்டைமானும் அவர் பக்கம் சேர்ந்தனர்.

1752 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லா, சந்தா சாகிபோடு திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். அங்கே உணவு வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட துணைப்படை வாலிகண்டபுரத்துக்கு அருகே கிளைவிடம் சரணடைந்தது. சந்தா சாகிபின் வீரர்கள் நாளுக்கொரு கூட்டமாக விலகிச் சென்றனர். முகம்மது அலியிடம் அகப்பட்டால் உயிர் தப்பாது; ஆங்கிலேயரிடமும் உறுதி கிடைக்கவில்லை. எஞ்சியவர் தஞ்சைத் தளபதி மானோஜி ஒருவரே. அவரைக் காரைக்காலுக்குப் பத்திரமாக அனுப்பிவைப்பதாக, பணம் பேசி, தம் வாளின்மேல் ஆணையிட்டார் மானோஜி.

அவ்வாணையை நம்பி இரவில் சென்றார் சந்தா சாகிபு. சென்றவுடன் விலங்கு பூட்டப்பட்டது. யார் அவரை வைத்துக்கொள்வது என்று முகம்மது அலியும் மைசூராரும் முராரி ராவும் ஆங்கிலேயரும் வாதாடினர். இணக்கம் காணாத அவ்வழக்கை, ஜூன் 14-ஆம் நாள் அவர் தலையைக் கொய்து முடித்துவைத்தார் மானோஜி. அத்தலை முகம்மது அலியிடம் அனுப்பப்பட்டு, ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சி மதிலைச் சுற்றி ஐந்து முறை வலம் வரப்பெற்றதாக ஓர்ம் குறிக்கிறார்.

அவர் மாண்ட இடம் தளவாய் மண்டபம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அரசி மீனாட்சிக்கு அவர் ஆணையிட்டுக் கொடுத்ததும் அதே மண்டபத்தில்தான் என்று வில்க்ஸ் எழுதுகிறார். வரலாறு இத்துணைப் பொருத்தமாக அமையுமா என்னும் ஐயம் எனக்கு உண்டு. கதை சொல்வோர் இடங்களை ஒன்றாக்குவது வழக்கம். இடம் ஒன்றோ வேறோ, இரண்டு ஆணைகளும் முறிந்தன என்பதில் ஐயமில்லை.

திருச்சியைத் தருவதாக மைசூராருக்குக் கொடுத்த வாக்கை முகம்மது அலியும் காப்பாற்றவில்லை; அதனால் மைசூர்ப் படை அவருக்குப் பகையாயிற்று. துய்ப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டு, 1763-இல் பாரிசில் கடனாளியாக மறைந்தார். ராசா சாகிபு பிரெஞ்சுக்காரரோடு இருந்து, பின்னர் ஐதர் அலியிடம் சேர்ந்தார்.

முகம்மது அலி நீண்டகாலம் நவாபாக இருந்து, ஆங்கிலேயரிடம் பட்ட கடன் தீராமலே 1795-இல் சென்னையில் காலமானார். அவர் உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து நத்ஹர்வலி தர்கா வளாகத்தில் அடக்கம் செய்தனர். சந்தா சாகிபின் அடக்கமும் அவ்வளாகத்திலேயே உள்ளதாகத் திருச்சி வரலாறுகள் கூறுகின்றன. திருச்சிக்குச் செல்லும் நம் மாணவர்கள் அங்கே பாத்திஹா ஓதும்போது இருவருக்கும் சேர்த்து ஓதலாம். மீனாட்சி அரசியின் அடக்கம் இருந்த இடத்தைக் காட்ட அவ்வூரில் எவரையும் நான் கண்டதில்லை.